கொளஞ்சி கூறு போட்ட வானம்

எனக்கும் கொளஞ்சியம்மாளுக்கும் ஆவாது. இத மொதல்லியே சொல்லிப்புடறேன். பக்கத்துப் பக்கத்து வூடு. நடுவுல ஒரு முருங்கமரம். அந்தக் காயி யாருக்குச் சேரணும்னு முப்பது வருசம் சண்ட போட்டவங்க நாங்க. அப்படியாப்பட்ட இந்தச் சாலம்மா வாயால அவளப் பத்தி நாலு நல்ல வார்த்த வருதுன்னா, அது ஒப்புக்குச் சொல்றது இல்லன்னு நீங்களே புரிஞ்சிக்குங்க.

எங்க தெரு கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்துல கீது. அப்ப மொத்தம் முப்பத்தாறு வூடு, எல்லாம் கூரை. எவனுக்கும் ஒரு காணி நெலம் கெடையாது. கரும்பு வெட்டு, மல்லாட்டச் செடி புடுங்கறது, நாத்து நடவு, எது கெடைக்குதோ அதுக்குப் போவோம். கொளஞ்சியும் அப்படித்தான். கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கினு பொறந்ததால அந்தப் பேரு வெச்சாங்க. கட்டுனவன் பெங்களூருக்குக் கல்லு ஒடைக்கப் போனான், போனவன் போனவன்தான். ஆத்தாக்காரி செத்தப்ப தவழ்ந்துக்கினு இருந்த தம்பி சடையன இவதான் இடுப்புல தூக்கி வளத்தா. அவனத் தவிர அவளுக்குன்னு ஒரு நாதி இல்ல.

ஆனா தெருவுல அவளுக்குன்னு ஒரு வேல இருந்துச்சு. ஆடு அடிச்சாலும் சரி, ஏரி வத்தி மீனு புடிச்சாலும் சரி, கூறு போடறது கொளஞ்சிதான். மொதல்ல அவ அப்பன் போட்டாரு. அவரு போனப்பறம் நாலு ஆம்பளைங்க போட்டுப் பாத்தானுங்க, நாலு தடவையும் மண்ட ஒடஞ்சிச்சு. அப்பறம்தான் இவளக் கூப்டாங்க. எலும்பு, ஈரல், கொழுப்புன்னு எல்லாத்தையும் சமமாப் பிரிச்சி முப்பத்தாறு எலையில வைப்பா. தெருப் பெரியவரு பிச்சைமுத்து மாமா கூறுங்களுக்கு முதுகக் காட்டிக்கினு குந்திக்குவாரு. இவ ஒரு கூறத் தொட்டு, "இது யாருக்கு மாமா?"ன்னு கேப்பா. அவரு திரும்பிப் பாக்காமயே ஒரு பேரு சொல்லுவாரு. அது அந்த வூட்டுக்கு. கடசியா மிஞ்சறது கொளஞ்சிக்கு. எவனும் ஒரு சொல்லு சொல்ல முடியாது. நானே சொன்னதில்லன்னா பாத்துக்குங்க.

எம்பத்தேழு செப்டம்பர்ல ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோடு மறியல் நடந்துச்சு. மறியல் பண்ணவங்க அவுங்க புள்ளைங்க படிப்புக்கும் வேலைக்கும் கேட்டாங்க, அத நான் கொற சொல்ல மாட்டேன். எங்க தெரு சனம் அதுல இல்ல. ரோட்டுக்கு ரோடு மரத்த வெட்டிச் சாய்ச்சிட்டாங்க, பஸ்ஸு ஒன்னும் ஓடல. போலீஸு கண்ணுல பட்டவனையெல்லாம் வேன்ல ஏத்திச்சு. கையில கோடாலி இருந்தா கேள்வியே இல்ல.

மூணாம் நாளு சாயங்காலம். மறியலப் பத்தி இன்னா சொல்றாங்கன்னு கேக்க, தெருவே டீக்கடை ரேடியோ முன்னாடி நின்னுக்கினு இருந்துச்சு. ஆறரை மணிக்கு மாநிலச் செய்தி ஆரம்பிச்சிச்சு. சடையன் மலையிலருந்து வெறகு வெட்டிக்கினு வந்தான், கட்டக் கீழ போட்டுட்டு அக்கா பக்கத்துல நின்னான். அப்ப யாரோ மேலக் கை காட்டுனாங்க.

மலைக்கு மேல வெள்ளையா, உருண்டையா ஒன்னு நிக்குது. பொழுது எறங்கிடுச்சி, கீழ இருட்டிக்கினு வருது, அது மட்டும் பளபளன்னு கீது. நெலா அந்தப் பக்கமே இல்ல. பிளேனுன்னா நகரணும், சத்தம் வரணும். இது அசையாம நிக்குது. செய்தி படிக்கிறவரு பாட்டுக்குப் படிச்சிக்கினு இருக்காரு, கேக்க ஒரு ஆளு இல்ல. எல்லாரும் வாயப் பொளந்துக்கினு மேல பாக்கறோம். நானும் பாத்தேன். ரெண்டு கண்ணால பாத்தேன்.

செய்தி முடிஞ்ச கையோட சடையன் சொன்னான், "அக்கா, அதுலருந்து சின்னதா ஒன்னு பிரிஞ்சி வுழுவுது பாரு." எங்களுக்கு ஒன்னும் தெரியல. மலையில திரியறவன், அவனுக்குக் கண்ணு கூர்மை. அது ரோட்டுப் பக்கம் வுழுவுதுன்னு சொல்லிக்கினே எடுத்தான் ஓட்டம், தோள்ல கோடாலியோட. "அத வெச்சிட்டுப் போடா"ன்னு கொளஞ்சி கத்துனா. அவன் எங்க காதுல வாங்குனான். அவன் போனப்பறம் அந்தப் பெருசு செவந்து, மங்கி, வெளக்கு அணையற மாதிரி அணைஞ்சிப் போச்சு.

ரோடு எங்க தெருவுலருந்து ரெண்டு மைலு. மேலயே பாத்துக்கினு ஓடுனவன் நேராப் போலீசு மேலயே போயி மோதியிருக்கான். அங்க அப்பத்தான் ஒரு புளியமரத்த வெட்டிச் சாய்ச்சிட்டு வெட்டுனவங்க ஓடிட்டாங்க. போலீசு கை பெசஞ்சிக்கினு நிக்கிற நேரம் பாத்து, கோடாலியோட ஒருத்தன் மூச்சு வாங்க வந்து நின்னா வுடுவாங்களா? "ஏன்டா ஓடியாந்த?"ன்னு கேட்டா, "வானத்துல ஒரு வெளிச்சம் போச்சுங்க, அதத் தேடிக்கினு வந்தேன்"னு சொல்லியிருக்கான். பொய் சொன்னாக் கூடப் பொருந்தச் சொல்லலாம். அவன் உண்மையச் சொன்னான், பொருந்தல. பல்லு ரெண்டு போச்சு.

ராத்திரி அவன் வரல. விடிஞ்சதும் கொளஞ்சி அவனத் தேடிக் கெளம்புனா. அதுக்குள்ள வறண்டு கெடந்த ஏரியில ஒரே கூச்சல். ஆகாசத்துலருந்து கண்ணாடிப் பேப்பர் மாதிரி வெள்ளையா ஒரு சீட்டு வுழுந்து கெடக்குது. சின்னதா? ஏரியில பாதிய மூடியிருக்குது. மழைக்காலம் வேற வருது, எல்லா வூட்டுக் கூரையும் ஒழுவுது. ஆளாளுக்கு ஒரு மொனையப் புடிச்சி இழுக்கறானுங்க, கத்திய எடுத்துட்டானுங்க. தம்பியத் தேடிப் போறவள வழி மறிச்சி இழுத்தாந்து, "நீ கூறு போட்டுட்டுப் போ"ன்னு நிறுத்துனோம். அத நெனச்சா இன்னிக்கும் எனக்கு வெக்கமாத்தான் கீது.

அவ சுத்தி நடந்து பாத்தா. பூசணிக்கா கோடு மாதிரி அதுல ஒட்டு ஒட்டாப் போட்டிருந்துச்சு. அந்தக் கோட்டு மேலயே வெட்டச் சொன்னா. முப்பத்தாறு கூறு. பிச்சைமுத்து மாமா முதுகக் காட்டிக்கினு குந்துனாரு. வானத்துலருந்து வுழுந்தத ஆட்டுக் கறி மாதிரிப் பிரிச்சி எடுத்துக்கினு போனது நாங்களாத்தான் இருப்போம். இது யாரோட பொருளு, இன்னா பொருளுன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணல. மதியத்துக்குள்ள எல்லாக் கூரை மேலயும் ஏறிடுச்சி. அப்பறம்தான் சடையன் ஸ்டேஷன்ல கீறான்னு சேதி வந்துச்சு.

கொளஞ்சி ஸ்டேஷனுக்கு ஓடுனா. அங்க இன்ஸ்பெக்டரு, தம்பிக்காரன் சொன்னத எழுதி வெச்சிருந்தத அவ எதிர்லயே படிச்சிக் காட்டிச் சிரிச்சாராம். மத்தவங்களும் சிரிச்சாங்களாம். ஆறே முக்காலுக்கு மரத்த வெட்டிக்கினு இருந்தப்பவே கையும் களவுமாப் புடிச்சோம்னு கேஸு. கடலூரு ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க.

சடையனுக்காகப் பாத்த வக்கீலு, "ஆறே முக்காலுக்கு அவன் தெருவுல நின்னான்னு சொல்ல சாட்சி வேணும்"னாரு. கொளஞ்சி வூடு வூடா வந்தா. யாரு போவா? வெளிச்சத்தப் பாத்தோம்னு சொன்னா, வுழுந்தது எங்கன்னு கேப்பாங்க. கூரை மேல கீது பதிலு. சர்க்காரு பொருளத் திருடிட்டோம்னு எல்லாரையும் உள்ள தள்ளிட்டா இன்னா பண்றது? நானும் கதவச் சாத்திக்கினேன். கொளஞ்சி கொளஞ்சியப்பரு கோயிலுக்குப் போயி சாமிகிட்ட பிராது எழுதிக் கட்டிட்டு வந்து, மறுநாளு கரும்பு வெட்டப் போனா.

ஒரு மாசம் ஓடிடுச்சி. ஐப்பசி பொறந்தப்ப ஒரு ஜீப்பு வந்துச்சு. எறங்குனவரு நீல உடுப்புல இருந்தாரு, இளஞ்செழியன்னு பேரு, தாம்பரத்துலருந்து வர்ற விமானப்படை ஆபீசரு. சின்னசேலத்துல பாத்தாங்களாம், எலவனாசூர்கோட்டையில பாத்தாங்களாம், அந்த வெளிச்சத்த. ரோடெல்லாம் மறிச்சிக் கெடக்கற நேரத்துல வானத்துலயும் அடையாளம் தெரியாம ஒன்னு பறந்தா சர்க்காரு சும்மா இருக்குமா? விசாரிச்சி ரிப்போர்ட்டு எழுதச் சொல்லி இவர அனுப்பியிருக்காங்க.

ஜீப்பு சத்தம் கேட்டதுமே கூரை மேல இருந்த சீட்டெல்லாம் மாயமாயிடுச்சி. வைக்கோல் போருக்குள்ள, குதிருக்குள்ள, கரும்புச் சோவைக்கு அடியில. எம் பங்க நான் எம் பொண்ணு பாரதி படுத்திருந்த பாய்க்கு அடியில சொருவுனேன். அவ புள்ள பெத்து பன்னெண்டு நாளுதான் ஆயிருந்துச்சு.

ஆபீசரு டீக்கடை பெஞ்சியில குந்திக்கினு ஒவ்வொருத்தரா கேட்டாரு. "வானத்துலயாங்க? நாங்க குனிஞ்சி வேல செய்ற சனங்க"ன்னான் ஒருத்தன். "எனக்கு மாலக்கண்ணுங்க"ன்னான் இன்னொருத்தன். அவனுக்கு இருபத்தஞ்சி வயசு. என்னக் கேட்டாரு. நான் பாக்கலீங்கன்னுட்டேன். கொளஞ்சி என்ன ஒரு பார்வ பாத்தா பாருங்க, சோத்துல கை வைக்கிறப்பல்லாம் அந்தப் பார்வதான் கண்ணு முன்னாடி நிக்கும்.

கடசியா அவ முன்னாடி போனா. "நான் பாத்தேன் சார்."

மாநிலச் செய்தி ஆரம்பிச்சப்ப நின்னுச்சு, முடிஞ்சி கொஞ்ச நேரத்துல செவந்துச்சு, மலையில எந்த முகட்டுக்கு நேரா நின்னுச்சுன்னு கை நீட்டிக் காட்டுனா. அவரு எழுதிக்கினே வந்தாரு. அவ சொன்னா, "அந்நேரம் எந்தம்பி எம்பக்கத்துல நின்னான் சார். அவன மரம் வெட்டுனான்னு ஜெயில்ல போட்டுட்டாங்க."

"அது போலீஸ் விஷயம்மா. நான் வானத்த விசாரிக்கத்தான் வந்திருக்கேன்."

"அதத்தான் அவனும் சொன்னான் சார். அவன் இன்னா பாத்தான்னு அன்னிக்கே போலீசுல எழுதியாச்சு. எங்களக் கேக்கறதுக்கு முன்னாடியே எழுதுனது. அத வாங்கிப் படிச்சிப் பாருங்க."

ஆபீசரு பேனாவ நிறுத்திட்டு அவள நிமிந்து பாத்தாரு. "படிக்கிறேன். ஆனா வெறும் வாய்ப்பேச்சு எத்தன இருந்தாலும் ரிப்போர்ட்டு நிக்காதும்மா. எதாவது பொருள் விழுந்துதா?"

கொளஞ்சி எங்கள ஒரு சுத்து பாத்தா. "நாளைக்குக் காலையில வாங்க சார்"னா.

அன்னிக்குப் பொழுது சாய தெருவக் கூட்டுனா. "சீட்டக் குடுத்துடலாம். கூறு போட்டவ நான். கேஸுன்னா மொத ஆளு நான்தான்"னா. மொதல்ல வாயத் தொறந்தவ நான். "ஒன் ஒரு தம்பிக்காக முப்பத்தாறு வூடும் கம்பி எண்ணணுமா? எம் பொண்ணு பச்சப்புள்ளைய வெச்சிக்கினு நனையணுமா?"ன்னு கேட்டேன். அவ சண்டைக்கு வருவான்னு பாத்தேன். வரல. "நீ கேக்கறது ஞாயந்தான் சாலம்மா. வர்றவங்க வரட்டும். வராதவங்க பேர நான் எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னுட்டு எழுந்து போயிட்டா.

காலையில நான் போவல. வாசல்ல நின்னு எட்டிப் பாத்தேன். ஏரிக்குள்ள மொதல்ல பிச்சைமுத்து மாமா தன் பங்க தூக்கிக்கினு போனாரு. அப்பறம் ஒன்னொன்னா வந்துச்சு. ஒவ்வொன்னும் வர வர, எந்தக் கூறு எதுக்குப் பக்கத்துலன்னு கொளஞ்சியே எடம் காட்டுனா. ஒரு துண்டு மாத்தி வைக்கலயாம். காத்துல பறக்காம இருக்க ஒவ்வொரு மொனையிலயும் ஒரு பொம்பள குந்திக்கினா. ஏரிக்குள்ள அந்த முழு உருண்டையும் விரிஞ்சி கெடக்குது, ஆபீசரு கரையில நின்னு தொப்பியக் கழட்டிட்டாரு.

நடுவுல ஒரு எடம் மட்டும் காலி. "ஒன்னு கம்மியா இருக்கே, யாருகிட்ட இருக்கு?"ன்னு அவரு கேட்டிருக்காரு.

"வரும் சார்."

"யார்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க, நான் போய்க் கேட்டுக்கறேன்."

"கேக்க வேணாம் சார். வரும்."

சொல்லிட்டு அந்தக் காலி எடத்துக்குப் பக்கத்துலயே குந்திட்டா. முப்பது வருசமா நான் அவள வைய்யாத வசவு இல்ல. தம்பி உசுரு அதுல தொங்குது, ஒரு விரல நீட்டி எங்க வூட்டக் காட்டியிருந்தா முடிஞ்சது வேல. அவ நீட்டல. தூறல் வேற ஆரம்பிச்சிச்சு. நான் உள்ளயும் வெளியிலயும் நடக்கறேன், ஒரு எடத்துல நிக்க முடியல.

எம் பொண்ணு பாரதி படுத்த எடத்துலருந்து எழுந்தா. பாய ஒதுக்கி சீட்ட உருவி எங் கையில குடுத்தா. "புள்ளைய நான் மடியில வெச்சிக்கறேம்மா. நீ போ"ன்னா. பெத்த பொண்ணு சொல்லி எனக்குப் புத்தி வர வேண்டியிருந்துச்சு.

தூக்கிக்கினு ஓடுனேன். கொளஞ்சி எழுந்து ஒரு மொனையப் புடிச்சிக்கினா. ரெண்டு பேருமா விரிச்சோம். அதுல கறுப்பா என்னமோ எழுத்தும் நம்பரும் இருந்துச்சு. நான் எழுத்து தெரியாதவ, கறைன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஆபீசரு குனிஞ்சி படிச்சாரு, ரெண்டு தடவ படிச்சாரு. "இதத்தாம்மா தேடினேன்"னாரு.

வடக்க எங்கயோ ஆராய்ச்சி பண்றவங்க மேல வுட்ட பலூனாம் அது. அம்மாம் ஒசரத்துல வெயிலு பட்டுத்தான் மின்னிச்சாம். வழி தவறி வந்துடுச்சாம், எங்க வுழுந்துச்சுன்னு அவுங்களுக்கே தெரியலயாம். போட்டோ புடிச்சிக்கினு, எழுத்து இருந்த எம் பங்க மட்டும் மடிச்சி எடுத்துக்கினாரு. "மிச்சம் எனக்கு வேணாம், கூரையில போட்டுக்குங்க. யார் மேலயும் கேஸு வராது"ன்னாரு. அதக் கேட்டுத் தெருவே ஒரு ஆட்டம் போட்டுச்சு. கொளஞ்சி தன் பங்க சுருட்டி எங் கையில வெச்சா. "பச்சப்புள்ள கீற வூடு"ன்னா. அவ கூரை அந்த வருசம் பூரா ஒழுவுச்சு.

ஆபீசரு சொன்ன சொல்லக் காப்பாத்துனாரு. ஸ்டேஷனுக்குப் போயி சடையன் சொல்லி எழுதுனத வாங்கிப் படிச்சிருக்காரு. பெருசுலருந்து சின்னதா ஒன்னு பிரிஞ்சி ரோட்டுப் பக்கம் வுழுந்துச்சுன்னு அதுல இருந்துச்சு. வேற ஒரு ஊர்லயும் ஒருத்தரும் அதச் சொல்லல. பலூன்காரங்களுக்குத் தந்தி அடிச்சிக் கேட்டா, கருவி வெச்ச பொட்டிய அவுங்கதான் கழட்டி வுட்டாங்களாம். எப்பன்னா, சாயங்காலம் ஆறு நாப்பத்திரண்டுக்கு. அதோட வுடல அந்த மனுசன். அதே நேரத்துக்கு ரோட்டுக்குப் போயி, மரம் சாஞ்ச எடத்துல நின்னு மேல பாத்திருக்காரு. ரெண்டு பக்கமும் புளியமரம் கூடாரம் கட்டுன மாதிரி நிக்குது. வானமே தெரியல.

கார்த்திகையில கேஸு வந்துச்சு. எங்க தெருவுலருந்து இருபத்தேழு பேரு போனோம், பாரதி புள்ளையோட. எங்களப் பாத்து கோர்ட்டு பியூனே வழி வுட்டான். ஆபீசரு நீல உடுப்பப் போட்டுக்கினு வந்து கூண்டுல ஏறி, நேரம், தெச, பொட்டி, புளியமரம்னு ஒன்னு வுடாம சொன்னாரு. அடுத்தது கொளஞ்சி. சர்க்காரு வக்கீலு, "ஏம்மா, வானத்துல போறதப் பாக்கறதுதான் ஒனக்கு வேலையா?"ன்னு நக்கலாக் கேட்டாரு.

"வேலைக்குப் போனா மண்ணப் பாப்பேங்க. வேல முடிஞ்சிடுச்சி, வானத்தப் பாத்தேன். அதுக்கு யாரையாவது கேக்கணுமாங்க?"

ஜட்ஜு சிரிப்ப அடக்கிக்கினு என்னமோ எழுதுனாரு. அப்பறம் இன்ஸ்பெக்டரப் பாத்து, அன்னிக்கு எழுதுன வாக்குமூலத்த நீங்களே சத்தமாப் படிங்கன்னாரு. அன்னிக்கு சிரிச்சிக்கினே படிச்ச அதே ஆளு, இன்னிக்கு எச்சி முழுங்கி முழுங்கிப் படிச்சாரு. வெள்ளையா உருண்டையா ஒன்னு நின்னதாகவும், அதிலிருந்து சிறியதாக ஒன்னு பிரிந்து விழுந்ததாகவும் உளறினான், அப்படின்னு முடிஞ்சிச்சு.

"உளறல, பாத்ததச் சொல்லியிருக்கான்"னாரு ஜட்ஜு. "பொட்டி கழண்டத இந்த மாவட்டத்துலயே பாத்த ஒரே ஆளு இவன்தான். அந்த நேரத்துக்கு ரெண்டு மைலு தள்ளி, வானமே தெரியாத எடத்துல மரம் வெட்டிக்கினு இருந்தான்னு என்ன நம்பச் சொல்றீங்களா?" கேஸ தள்ளுபடி பண்ணிட்டாரு. எங்க பொம்பளைங்க கோர்ட்டுன்னும் பாக்காம கொலவ போட்டாங்க, பியூனு உஸ்ஸு உஸ்ஸுங்கறான், யாரு கேக்கறது. நான்தான் ஜாஸ்தியாப் போட்டேன்.

சடையன் வெளிய வந்தான். இளைச்சி, கறுத்து, முன்னாடிப் பல்லு ரெண்டும் இல்லாம நின்னான். எல்லாரும் சுத்திக்கினோம். அவன் யாரையும் பாக்கல, அக்காவ மட்டும் பாத்தான். மெதுவாக் கேட்டான்.

"அக்கா, நான் பாத்தது நெசமாவே இருந்துச்சா?"

ரெண்டு மாசமா அடிச்சவன், சிரிச்சவன், கூட இருந்த கைதிங்க, எல்லாரும் இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி, அந்தப் புள்ளைக்குத் தன் கண்ணு மேலயே நம்பிக்க போயிருந்துச்சு. இத்தன நாளு கல்லாட்டம் இருந்த கொளஞ்சி முந்தானையால மூஞ்சியப் பொத்திக்கினா. நான் முன்னாடி போயி அவன் தோளப் புடிச்சேன்.

"இருந்துச்சிடா சடையா. நான் பாத்தேன். ஒன் பக்கத்துல நின்னுதான் பாத்தேன்."

அப்பறம் பிச்சைமுத்து மாமா சொன்னாரு, நானும் பாத்தேன்டான்னு. அந்த மாலக்கண்ணுக்காரனும் சொன்னான். இருபத்தேழு பேரும் ஒருத்தர் வுடாம அவன்கிட்டப் போயி, பாத்தோம்னு சொன்னோம். கொளஞ்சி அவன் கையப் புடிச்சிக்கினா, எல்லாருமா பஸ்ஸுக்கு நடந்தோம்.